அதிகாலையில் சொட்டும் மரம்: அபுதாபிக் கடலோரத்து அத்ல்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அபுதாபிக்கு மேற்கே, ருவைஸ் பக்கத்துக் கடலோரத்தில் வேலை செய்கிறீர்கள். தங்குமிடத்துக்கு வெளியே ஒரு வரிசை மரங்கள் நிற்கின்றன. ஆகஸ்டு மாதத்தில், விடிவதற்கு முன் பஸ்ஸுக்காக அந்த மரத்தடியில் நிற்கும்போது தலையிலும் சட்டையிலும் நீர் சொட்டுகிறது. மழை இல்லை, மூடுபனியும் இல்லை. வெயில் ஏறியதும் சொட்டு நின்றுவிடுகிறது. சட்டையில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. மரத்தடி மணல் ஓடு கட்டி இறுகியிருக்கிறது. பார்வைக்குச் சவுக்கு மாதிரி இருந்தாலும் சவுக்குக்காய் ஒன்றுகூடக் கிடையாது. உடன் இருப்பவர்களில் ஒருவர், மரத்துக்கு அடியில் நன்னீர் ஊற்று இருக்கிறது என்கிறார். இன்னொருவர், அது பூச்சியின் கழிவு என்கிறார். இது என்ன மரம், நீர் எங்கிருந்து வருகிறது, அதைக் குடிக்கலாமா, ஒரு போத்தை ஊருக்குக் கொண்டுபோய் ஊன்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது அத்ல் மரம். அரபியில் இதற்கு இந்தப் பெயர்தான். தாவரவியலில் டாமரிக்ஸ் அஃபில்லா என்பார்கள். குர்ஆனில் ஸபா நாட்டாரின் தோட்டங்கள் வெள்ளத்தில் அழிந்த பிறகு அங்கே எஞ்சியவை என்று சொல்லப்படும் செடிகொடிகளில் (34:16) இந்த மரமும் ஒன்று. வட ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, ஈரான், பாகிஸ்தான் வழியாக நம் ராஜஸ்தான், குஜராத் வரை இது இயல்பாக வளர்கிறது. சவுக்கு வேறு குடும்பம், இது வேறு குடும்பம். இரண்டும் வறட்சிக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்க இலையைச் சுருக்கிக்கொண்டதால் தோற்றம் மட்டும் ஒத்துப்போயிருக்கிறது.

நீங்கள் எழுதிய அடையாளங்களே போதுமானவை என்றாலும், நேரில் உறுதிசெய்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒரு மெல்லிய பசுங்குச்சியை ஒடித்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சவுக்கின் குச்சி நீளமான கணுக்களாக இருக்கும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஆறு முதல் எட்டுப் பற்கள் வளையமாக நிற்கும். அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலைகள். அத்லின் குச்சியிலோ கணுக்கள் மிகக் குட்டையாக, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பல்வளையம் இருக்காது. ஒற்றை இலை ஓர் உறையாக மாறித் தண்டை முழுக்கச் சுற்றிக்கொண்டு, ஒரு சிறு கூர்முனையோடு முடியும். நிறம் சாம்பல் கலந்த பச்சை. விரலால் உருவினால் நரநரவென்று மாவு போல ஏதோ ஒட்டும். அந்த மாவில்தான் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இருக்கிறது.

அதற்குப் போவதற்கு முன், அந்தப் பகுதியில் நீங்கள் குழம்பக்கூடிய மற்ற மரங்களை ஒதுக்கிவிடுவோம். வளைகுடாவில் நிழலுக்காக மிக அதிகமாக நட்ட டமாஸ் மரத்துக்கு நல்ல பச்சையில் தட்டையான இலைகள் உண்டு. அது சவுக்கைப் போல் தோன்றவே தோன்றாது. ஐக்கிய அரபு அமீரகம் 2008இல் தேசிய மரமாக அறிவித்த காஃப், நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியேதான். சிறகு போன்ற சிற்றிலையும் முள்ளும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அபுதாபியின் உப்பங்கழிகளில் நிற்கும் வெண்கண்டல், பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நாம் காண்பதுதான். அதன் இலையிலும் உப்பு பூக்கும் என்பதால் அது அத்லுக்குத் தொழில்முறையில் உறவு என்று சொல்லலாம். ஆனால் அது அலை வந்துபோகும் சேற்றை விட்டு ஏறி வந்து உங்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்காது. அத்லுக்கு நெருங்கிய டாமரிக்ஸ் இனங்கள் வேறு சிலவும் அரேபியாவில் உண்டு. அவை பெரும்பாலும் புதராகவே நின்றுவிடும்; அவற்றின் இலைகள் தண்டை உறைபோல முழுதாகச் சுற்றாமல், செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். பத்து மீட்டருக்கு மேல் வளர்ந்து, தடித்த அடிமரத்தோடு நிழல் தருவது அத்ல்தான்.

இனி நீர். நண்பர் சொன்ன ஊற்றுக் கதையை முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் அது பாதி வழி வரை சரியாகத்தான் போகிறது. அத்லின் வேர் உண்மையாகவே ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைத் தேடிப்பிடிக்கும். ஆனால் அந்தக் கடற்கரையில் அதற்குக் கிடைப்பது உவர்நீர். அபுதாபிக் கரை முழுக்க சப்கா என்னும் உப்புச் சமவெளி. பக்கத்தில் இருக்கும் கடலே திறந்த பெருங்கடலைவிட உப்புக் கூடியது. பெருங்கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்றால் அங்கே 40 கிராம் அளவுக்கு இருக்கும். அந்த நிலத்தில் நீரைக் குடிக்கும் எந்த மரமும் உப்பையும் சேர்த்தே குடிக்கிறது. சில செடிகள் வேரிலேயே உப்பைத் தடுத்துவிடும், சில பழுத்த இலைகளில் தேக்கி உதிர்த்துவிடும். அத்ல் அதை வெளியே துப்புகிறது. அதன் இலையுறைகளில் கண்ணுக்குத் தெரியாத உப்புச் சுரப்பிகள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டே எட்டு செல்களால் ஆனது: உள்ளே இரண்டு செல்கள் உப்பை வாங்கிச் சேர்க்கும், மேலே ஆறு செல்கள் அதைச் செறிந்த கரைசலாக வெளியேற்றும். பகல் வெயிலில் அந்தக் கரைசலின் நீர் ஆவியாகிவிட, குச்சியெங்கும் படிகங்கள் மிஞ்சுகின்றன. நீங்கள் உருவினால் கையில் ஒட்டும் மாவு அதுதான்.

மரத்தின் வேலை அத்தோடு முடிந்தது. இதற்குப் பிறகு நடப்பதை அந்த உப்பும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன. சாதாரண உப்புக்கு ஒரு வரம்பு உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்து, கசிந்து, கடைசியில் தானே கரைந்து திரவமாகிவிடும். ஐப்பசி மழையில் மூடிபோட்ட ஜாடிக்குள் இருக்கும் கல்லுப்பு நசநசத்துப்போவதும் இதே காரணத்தால்தான். பலவகை உப்புகள் கலந்திருந்தால், தனித்தனியாக அவற்றுக்கு வேண்டிய ஈரத்தைவிடக் குறைந்த ஈரத்திலேயே கலவை கசியத் தொடங்கும். தூத்துக்குடி உப்பளத்துக்காரர்கள் மக்னீசிய உப்பு நிறைந்த கடைசி நீரை வடித்து விலக்குவதற்கும் இதுவே காரணம். அது கூடிப்போனால் உப்பு மூட்டையிலேயே கசிய ஆரம்பித்துவிடும். அத்லின் மேல் படிவது பத்துக்கு மேற்பட்ட கனிமங்களின் கலவை. சோடியம் குளோரைடும் ஜிப்சமும் மிகுதி. லித்தியம் சல்ஃபேட் சிறிதளவு. இதில் லித்தியம் சல்ஃபேட் முக்கியமானது. சமையல் உப்பு இன்னும் காய்ந்தே கிடக்கும் அளவு ஈரத்திலும் அது நீரை இழுக்கத் தொடங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் ஊரின் ஆகஸ்டு இரவை நினைத்துப் பாருங்கள். சூடேறிய கடலிலிருந்து எழும் ஆவி கரைக்கு வந்து தங்கிவிடுகிறது. பகலில் குறைந்திருந்த ஈரப்பதம் இரவில் வெப்பம் சற்றுத் தணிந்ததும் 80, 90 சதவீதத்தைத் தொடுகிறது. மூடுபனி வேண்டியதில்லை, மழை வேண்டியதில்லை. படிகங்கள் எல்லாம் சேர்ந்து நீரிழுத்து, துளியாகி, குச்சிக்குக் குச்சி வழிந்து, உங்கள் தலையில் விழுகின்றன. வெயில் ஏறியதும் ஈரப்பதம் சரிகிறது, துளி மீண்டும் படிகமாகிறது. கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளிவேலைக்கு அங்கே தடை உண்டே, அந்த நேரத்தில் அதே மரத்தடியில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு துளி விழாது.

இதை அமீரகத்திலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் மரியே அல்-ஹந்தாவி, பான்ச்சே நௌமோவ் ஆகியோரின் குழு 2023இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டது. உப்புப் படிந்த ஒரு சிறு கிளையை 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். அது 15 மில்லிகிராம் அளவுக்கு நீரைச் சேர்த்தது. உப்பைக் கழுவிவிட்ட கிளை அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் சேர்த்தது. மரம் வேரிலிருந்து நீரைக் கக்குகிறது என்றால் கழுவுவதால் இவ்வளவு வேறுபாடு வந்திருக்காது.

இந்தச் சோதனையின் எளிய வடிவத்தை நீங்களே செய்யலாம், செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். மாலையில், கைக்கு எட்டும் உயரத்தில் அருகருகே இருக்கும் இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றைக் குடிநீர் பாட்டிலால் நன்றாக அலசி, ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். மறுநாள் விடிவதற்கு முன் செல்போன் விளக்கில் இரண்டையும் பாருங்கள். தொடாத கிளையில் துளிகள் நிறைந்து நிற்கும், அலசிய கிளை ஏறத்தாழக் காய்ந்திருக்கும். ஊற்று என்று சொன்ன நண்பரையும் கூட அழைத்துப்போங்கள்.

பூச்சி என்று சொன்ன நண்பருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. டாமரிக்ஸ் இனத்து மரங்களில் செதில்பூச்சிகள் சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் இனிப்பைத் துளித்துளியாக வெளியேற்றுவது உண்மை. 1927இல் ஃபிரிட்ஸ் போடன்ஹைமர் என்னும் பூச்சியியலாளர் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் பயணக்குழுவோடு சினாய் சென்று, அங்குள்ள பெதூயின் நாடோடி மக்கள் மன்னா என்று திரட்டும் இனிப்பு, டாமரிக்ஸ் மரத்தில் வாழும் அத்தகைய பூச்சிகளிலிருந்து வருகிறது என்று கண்டறிந்தார். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு உணவானதாக வேதாகமம் சொல்லும் மன்னாவுக்கு இதுவே விளக்கம் என்பது அவருடைய முடிவு. தென் அமெரிக்காவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. பெருவின் மொயோபாம்பா பகுதியில் மழை பொழியும் மரம் ஒன்று இருப்பதாக 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா வரை செய்தி பரவியது. அந்தப் பகுதியில் தாவரங்களைச் சேகரித்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ், கிளைகளில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சில்வண்டு வகைப் பூச்சிகள் பீய்ச்சும் நீர்தான் அது என்று விளக்கினார். ஆகவே சொட்டும் மரம் என்றதும் பூச்சியைச் சந்தேகிப்பது அறிவுள்ள சந்தேகமே. வேறுபடுத்துவது எளிது. பூச்சிநீர் பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும், கரும்பூசணம் படரும், பகலிலும் விழும். உங்கள் சட்டையில் இருப்பதோ வெள்ளைத் திட்டு. துளிகளை ஒரு கரும்பரப்பில் பிடித்து வெயிலில் காயவிடுங்கள். பசையாக நின்றால் பூச்சி, படிகமாகப் பொரிந்தால் உப்பு. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். அமீரகத்துச் சாலையோர மரங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் வழக்கம் உண்டு, புழுதியும் படிந்திருக்கும்.

இன்னொரு வகைச் சொட்டும் உண்டு. குளிர்காலத்தில் அதை நீங்களே பார்ப்பீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கரையில் அடர்ந்த மூடுபனி வரும் காலைகளில் எல்லா மரமும் சொட்டும், விளக்குக் கம்பம்கூடச் சொட்டும். பனியில் மிதக்கும் நுண்துளிகள் எதிலாவது மோதி ஒட்டி வழிவது அது; உப்புக்கு அங்கே வேலையில்லை. கனாரித் தீவுகளில் எல் இயர்ரோ தீவின் மக்கள் ஒரு காலத்தில் தங்கள் குடிநீருக்கு நம்பியிருந்த கரோயே என்னும் மரம் இந்த வகை. மேகம் தவழும் சரிவில் நின்று, இலைகளில் சேர்ந்த நீரை அடியில் வெட்டிய குழிகளில் நிரப்பியது. 1610இல் புயலில் விழுந்துவிட்டது. இன்றும் அந்தத் தீவின் சின்னத்தில் அந்த மரம் இருக்கிறது. கரோயே தந்தது நன்னீர். அத்ல் தருவது அதற்கு நேர் எதிரானது.

அதைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூடாது. இதற்குக் காரணம் சுகாதாரம் மட்டும் என்றால் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கலாமே என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். ஆகவே இயற்பியலைச் சொல்கிறேன். உப்புத்துளி காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே போய் நீர்த்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்காது. காற்றின் ஒவ்வோர் ஈரப்பதத்துக்கும் ஏற்ற ஒரு செறிவு இருக்கிறது; துளி அந்தச் செறிவில் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் நீரை ஏற்காது. கடல்நீரின் செறிவுக்கு நேரான ஈரப்பதம் ஏறத்தாழ 98 சதவீதம். அதாவது காற்று அந்த அளவுக்குக் கீழே இருக்கும்வரை, மரத்தில் தொங்கும் ஒவ்வொரு துளியும் கடல்நீரைவிட உப்பாக இருந்தே ஆகவேண்டும். 90 சதவீத ஈரப்பதத்தில் அது கடல்நீரைப் போல நான்கு மடங்கு உப்பு. தாகத்துக்கு அதைக் குடித்தால் உடலில் இருக்கும் நீரும் போய்விடும்.

அப்படியென்றால் மரத்துக்கு மட்டும் அது எப்படிப் பயன்படுகிறது? ஆய்வுக்குழு, சேரும் ஈரத்தை மரம் தன் மேற்பரப்பின் வழியே எடுத்துக்கொள்கிறது என்று கருதுகிறது. எனக்கு அந்த இடத்தில் தயக்கம் உண்டு. அவ்வளவு செறிந்த கரைசலிலிருந்து நீரை உள்ளே இழுக்க, குச்சிக்குள் அதைவிட வலுவான இழுவிசை வேண்டும். ஆனால் ஒரு நன்மையில் ஐயமில்லை: உப்பு உடலுக்குள் சேராமல் வெளியேறி, இரவுதோறும் கழுவப்பட்டுக் கீழே போகிறது.

கீழே போகும் உப்பு அங்கே என்ன செய்கிறது என்பதைத்தான் நீங்கள் ஓடு கட்டிய மணலாகப் பார்த்தீர்கள். சொட்டும் உப்பும் உதிரும் குச்சிகளின் உப்பும் சேர்ந்து மேல்மண்ணை உவராக்கிவிடுகின்றன. அத்லின் அடியில் வேறு செடி முளைப்பது அரிது. அதே உப்பு மரத்துக்கு இன்னொரு குணத்தையும் கொடுக்கிறது: பச்சைக் கிளையும் சருகும் எளிதில் தீப்பற்றாது. மணல்காற்றைத் தடுக்க அரேபியர்கள் இதை நம்புவதில் வியப்பில்லை. சவூதி அரேபியாவின் அல்-அஹ்சா பாலைச்சோலையை மணல்மேடுகள் மூடிவிடாமல் காக்க 1960களில் பெருமளவில் நட்டது இந்த இனத்தைத்தான். வெட்டிய போத்தை மணலில் ஊன்றினால் வேர்பிடித்துவிடும் என்பதால் அது முடிந்தது.

உங்கள் கடைசிக் கேள்வியில் எனக்குக் கவலை வருவதும் அதனால்தான். போத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது முதலில் சட்டவிரோதம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுப்பொருள் எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. சட்டத்தை விடுங்கள், ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே நிழலுக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் என்று நல்ல எண்ணத்தோடு இதே மரத்தைக் கொண்டுபோய் நட்டார்கள். பல ஆண்டுகள் அது இடத்தை விட்டு நகரவில்லை. 1974இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு மத்திய ஆஸ்திரேலியாவின் ஃபிங்க் ஆற்றின் நெடுகிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவி, ஆற்றங்கரையின் சொந்த யூகலிப்டஸ் மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று அது அந்த நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளில் ஒன்று.

இராமநாதபுரத்துக்காரரான உங்களுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் எப்போதாவது வரும் வறண்ட ஆற்றுப்படுகை, உவர்நிலம், ஆளில்லாத கண்மாய்க்கரை என்று அத்ல் பரவ வேண்டிய எல்லாம் உங்கள் மாவட்டத்தில் தயாராக இருக்கின்றன. வீட்டருகே உப்புக்காற்றைத் தாங்கும் நிழல் வேண்டும் என்றால் புன்னையும் பூவரசும் இருக்கின்றன. இரண்டும் அந்தக் கரைக்குப் பழகியவை, அடியில் நிற்பவர் சட்டையைக் கெடுக்காதவை. ஊருக்குள் சற்று உள்ளே தள்ளி இடமிருந்தால் வன்னியை நடுங்கள்.

இனம் எதுவென்று இன்னும் உறுதி வேண்டுமானால் பூவைப் பாருங்கள். கோடை முடிவில் கிளைநுனிகளில், வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த மிகச்சிறிய பூக்கள் மெல்லிய கதிர்களாகக் கொத்துக்கொத்தாக வரும். ஐந்து இதழ், ஐந்து மகரந்தத்தாள். ஒரு கதிரையும் ஓர் இளங்குச்சியையும் வெள்ளைத்தாளில் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பஸ்ஸுக்கு நிற்கும்போது மரத்தின் விளிம்பை விட்டு இரண்டடி வெளியே நில்லுங்கள். சைக்கிளையோ காரையோ இரவில் அதன் அடியில் நிறுத்த வேண்டாம். அந்தக் கரைசல் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்துவிடும். சட்டையில் விழுந்த கறைக்கு வெறும் தண்ணீரே போதும்.